சமுத்திரத்தின் இடது கை

எங்கள் ராஜபாளையம் டென்னிஸ் கிளப்புக்கு எழுபத்தைந்து வயது ஆனதற்கு ஒரு மலர் போட்டார்கள். அதில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் 'எங்கள் மார்க்கர் சமுத்திரம்' என்று ஒரு கட்டுரை இருக்கிறது. கீழே வைகுண்டராஜ், தலைவர் என்று என் பெயர் போட்டிருக்கிறது. அதை நான் எழுதவில்லை. என் பேண்டேஜ் கம்பெனி மேனேஜர் எழுதினார். உழைப்பு, பணிவு, விடாமுயற்சி என்று என்னென்னவோ அடுக்கியிருக்கிறார். படித்தும் படிக்காமலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இப்போது எழுதுவதுதான் நான் எழுதுவது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமுத்திரத்தை எனக்குப் பிடிக்காது. முப்பது வருஷமாகப் பிடிக்காது. அவனுக்கும் என்னைப் பிடிக்காது. அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போவோம். அவன் மகள் கருத்தம்மாவும் மகன் வல்லரசும் இன்றைக்கு டென்னிஸையே பிழைப்பாக வைத்துக்கொண்டு நாடு நாடாகப் போய் ஆடுகிறார்கள். ராஜபாளையத்தில் டீக்கடை வரைக்கும் இதே பேச்சு. பேசிவிட்டுப் போகட்டும், என் சண்டை அதில்லை. என் வீட்டு ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு வெள்ளிக் கோப்பை இருக்கிறது. 1995-இல் எங்கள் கிளப் நடத்திய ஓப்பன் டோர்னமெண்ட் ஃபைனலில் சமுத்திரத்தை ஜெயித்து நான் வாங்கியது. போன வருஷம் கருத்தம்மா ஒரு பத்திரிகைக்காரரிடம், "எங்கப்பா அந்த மேட்ச்ல தோக்கல" என்று சொல்லியிருக்கிறாள். அவன் தோற்கவில்லை என்றால் நான் ஜெயிக்கவில்லை என்று அர்த்தம். அந்தக் கோப்பை என்னுடையதா இல்லையா என்பதுதான் எனக்கு விஷயம்.

மார்க்கர் வேலை என்றால் கிளப்புக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து மண் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்பால் கோடு போட்டு, நெட் கட்டிவைக்க வேண்டும். பிறகு, ஜோடி கிடைக்காத மெம்பரோடு ஆட வேண்டும். ஆட வேண்டும் என்றால் ஜெயிப்பதற்கு அல்ல. மெம்பருக்கு வியர்க்க வேண்டும், மூச்சு வாங்க வேண்டும், இன்றைக்கு நாலு நல்ல அடி அடித்தேன் என்ற திருப்தியோடு அவர் காப்பி குடிக்கப் போக வேண்டும். அதற்கு மார்க்கர் பந்தை அவர் கைக்குப் போட வேண்டும். அவருக்கு எந்த இடம் வாகோ அந்த இடத்துக்கு, எந்த உயரம் வாகோ அந்த உயரத்துக்கு.

சமுத்திரம் அதில் பெரிய கெட்டிக்காரன். மதுரையில் ஒரு கிளப்பில் இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டு, இருபது வயதில் எங்களிடம் வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் சைக்கிள். எங்கள் செயலாளர் பல் டாக்டர். அவருக்கு முழங்கால் மடங்காது. அவருக்கு நெஞ்சு உயரத்தில், ஒரு எட்டு எடுத்து வைக்கிற தூரத்தில் பந்து வரும். நூல் மில் மேனேஜர் ஒருவருக்கு பேக்ஹேண்ட் வராது. அவர் மாற்றலாகிப் போகிற வரைக்கும் அவருக்கு இடப் பக்கம் ஒரு பந்துகூடப் போனதில்லை. எனக்கு இடுப்பு உயரத்தில், வலப் பக்கம், உடம்புக்குக் கொஞ்சம் முன்னால். அங்கே வந்த பந்தை நான் விட்டதே கிடையாது. என்னிடம் தினமும் ஆறு-நாலு என்று தோற்பான். ஆறு-ஒன்று என்றால் நமக்குச் சப்பென்று போய்விடும் என்று அவனுக்குத் தெரியும்.

ஆனால் முகத்தில் ஒன்றையும் காட்ட மாட்டான். அதுதான் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகாது. மற்ற ஊர் மார்க்கர்கள் "நல்ல அடி மொதலாளி" என்று ஒரு வார்த்தையாவது சொல்வார்கள். இவன் பந்தைப் பொறுக்கிக் கையில் கொடுத்துவிட்டுக் கோட்டுக்குப் பின்னால் போய் நிற்பான். சம்பளம் வாங்குகிறவனுக்கு அவ்வளவு மௌனம் எதற்கு என்று நான் டாக்டரிடமே கேட்டிருக்கிறேன்.

1995-இல்தான் முதல்முறையாக யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று டோர்னமெண்ட் வைத்தோம். சமுத்திரம் தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்தான். கமிட்டியில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஆடட்டுமே என்று சொன்னவன் நான்தான்; அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. கோவில்பட்டியிலிருந்து வந்த காலேஜ் மாணவனை அரைமணி நேரத்தில் அனுப்பிவைத்தான். மதுரையிலிருந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் பந்தைத் தேடித் தேடியே களைத்துப் போனார். ஏழு வருஷம் நான் தினமும் அவனோடு ஆடியிருக்கிறேன். அவன் ஆடி நான் பார்த்தது அந்த வாரம்தான். பார்க்கவே பயமாக இருந்தது. அன்றைக்கு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஷாமியானா போட்டு, ஊர்ப் பெரிய மனிதர்களையெல்லாம் உட்காரவைத்திருந்தோம். முதல் செட் அவன், இரண்டாவது செட் நான். மூன்றாவதில் அவன் ஐந்து-நாலு என்று முன்னால் இருந்தான். மேட்ச் பாயிண்ட். நான் இடது மூலையில் ஒரு பந்தை எட்டி எடுக்கப் போய், சறுக்கி, கோர்ட்டுக்கு வெளியே போய்விட்டேன். பந்து நெட்டுக்கு மேல் சோம்பலாகப் போய் அவன் முன்னால் குதித்தது. என் வலப் பக்கம் முழுக்கக் காலி. கண் தெரியாதவன்கூட அங்கே தட்டிவிட்டிருப்பான். அவன் ராக்கெட்டை வீசினான். பந்து இடப் பக்கமே, நான் நின்ற இடத்துக்கே, என் ஃபோர்ஹேண்டுக்கு, இடுப்பு உயரத்தில் வந்தது. நான் அடித்தேன். அது போன வேகத்தில் அவன் அசையக்கூட இல்லை. அதன் பிறகு மூன்று கேமையும் நான் எடுத்தேன். ஏழு-ஐந்து.

அவன் மனதை நான் முன்கூட்டியே படித்துவிட்டேன், அதனால்தான் அங்கேயே நின்றேன் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். என் மனைவி இந்துவுக்கு இது மனப்பாடம். விருந்தாளி யாராவது அலமாரிப் பக்கம் திரும்பினாலே எழுந்து காப்பி போடப் போய்விடுவாள்.

ஆட்டம் முடிந்ததும் நெட் பக்கம் போய்க் கையை நீட்டினேன். சமுத்திரம் கை கொடுக்கவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் கை காற்றில் நிற்க, அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கை யாரோ தெரியாதவனுடையது என்பது போலப் பார்த்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. மறுநாள் காலையில் ஷெட் சாவியையும் சுண்ணாம்பு வாளியையும் டாக்டர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை.

அதன் பிறகு அவன் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் வேலைக்குப் போனான். என் கம்பெனியில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை மடிக்கிற பிரிவில் இருந்த மாரீஸ்வரியைக் கல்யாணம் செய்துகொண்டான். அதனால் அவனைப் பற்றிய சேதி எதுவும் எனக்குத் தப்பியதில்லை. மூத்தது கருத்தம்மா, ஒன்றரை வருஷம் கழித்து வல்லரசு. இரண்டும் நிற்கப் பழகியதுமே கையில் ராக்கெட்டைக் கொடுத்துவிட்டான்.

மடவார் வளாகத்துக்குப் பின்னால் வயல் பக்கம், நெல் காயப்போடுவதற்கு ஒரு சிமெண்டுக் களம் உண்டு. அதில் பெயிண்டால் கோடு போட்டான். வெடிப்புகளில் தாரை ஊற்றி அடைத்தான். பிளவக்கல் அணையில் மீன் பிடிக்கிறவர்களிடம் கழித்துப் போட்ட வலையை வாங்கிவந்து நெட்டாகக் கட்டினான். ராக்கெட் பிடிக்கு என் கம்பெனிக் கழிவுத் துணியைச் சுற்றினான். மாரீஸ்வரி கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனாள், திருடவில்லை. ஆனாலும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

களத்துக்குப் பங்குதாரர்கள் ஏழெட்டுப் பேர். அதில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த பாண்டிதுரைக்கு இவனைக் கண்டாலே ஆகாது. அறுப்பு இல்லாத காலத்திலும் பழைய நெல்லைக் கொண்டுவந்து கோடு மறையக் கொட்டிவைப்பார். சமுத்திரமும் பிள்ளைகளும் பலகையால் அதை ஒரு நெல்மணி விடாமல் ஓரமாகத் தள்ளி, ஆடி முடித்து, திரும்பவும் அவர் விரித்தது போலவே விரித்துவைத்துவிட்டுப் போவார்கள். பாண்டிதுரை வந்து பார்த்துத் திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல், அதற்காகவும் சேர்த்துத் திட்டுவார். தெருவில் யாரோடும் சமுத்திரத்துக்கு நல்ல பேச்சு கிடையாது. கல்யாணம், காதுகுத்து எதற்கும் பிள்ளைகளை விட மாட்டான். ஆடிப்பூரத்துக்கு ஊரே தேர் இழுக்கப் போயிருக்கும். இந்த இரண்டும் களத்தில் வியர்த்து ஊற்றிக்கொண்டு நிற்கும்.

கருத்தம்மாவுக்குப் பதினொரு வயது இருக்கும்போது மதுரையில் ஒரு டோர்னமெண்ட். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. என் அண்ணன் மகன் கௌதம்ராஜும் ஆடினான், அதனால் நான் போயிருந்தேன். இரண்டு பிள்ளைகளும் அடிக்கிற அழகைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. பெரிய பெரிய கோச்சிடம் பழகிய பிள்ளைகளுக்குக்கூட அப்படி ஒரு வீச்சு கிடையாது. எல்லாரும் ஆட்டத்தை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைத்தான் பார்த்தார்கள். ஆனால் தோற்றாள். ஓடவே சோம்பல்படுகிற ஒரு கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் ஆறு-பூஜ்யம், ஆறு-ஒன்று. அந்தப் பெண் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. நகர வேண்டிய தேவையே வரவில்லை. கருத்தம்மா அடித்த பந்தெல்லாம் அவள் கையைத் தேடிக்கொண்டு போனது. அடுத்த கோர்ட்டில் வல்லரசு கௌதம்ராஜுக்கு அதே போலப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஏழு வருஷம் அந்தப் பந்தை வாங்கியவன் நான். அந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எதிரே நின்று பார்த்தது சமுத்திரத்தை மட்டும்தான். இவன் கை அவர்கள் கைக்குப் போட்டது. அவர்கள் கை அதையே கற்றுக்கொண்டது. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவனிடம் போனேன். சுற்றி மற்ற பெற்றோர்கள் நின்றார்கள். நின்றார்கள் என்பதால்தான் சத்தமாகச் சொன்னேன்.

"ஏலே சமுத்திரம், பிள்ளையளையும் மார்க்கராவே வளத்துட்டியே. பந்து எம்புட்டு மரியாதையாப் போகுது பாரு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவனுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் வேலியிலிருந்து வலது கையை எடுத்து, அன்றைக்கு நெட் பக்கம் பார்த்தது போலவே பார்த்தான்.

"ஆமா மொதலாளி. நான் கவனிக்காமப் போயிட்டேன்" என்றான்.

இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். நியாயமாகப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளை ஆளாக்கியது அன்றைக்கு நான் சொன்ன அந்த வார்த்தைதான். மலரில் அதை ஒருவரும் எழுதவில்லை.

அடுத்த வாரம் மாரீஸ்வரி கம்பெனியில் ஒரு சுருள் காஸ் துணி கேட்டாள், நீளமாக. யாருக்கு அடிபட்டது என்று கேட்டேன்.

"அடியெல்லாம் இல்ல மொதலாளி. வலது கை அவிய சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குதாம். அதான் கட்டிப் போடப் போறேங்காவ."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு திங்கட்கிழமை, மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோவிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் காரில் கிளம்பினேன். கோவிலுக்கும் போனேன். பிறகு களத்துப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லி உள்ளேயே உட்கார்ந்து பார்த்தேன். வலது கையை உடம்போடு சேர்த்து, என் கம்பெனி காஸ் துணியால் சுற்றிக் கட்டியிருந்தான். இடது கையில் ராக்கெட். சோறு அள்ளிப் போடவே வராத கை அது. பந்து வாய்க்காலுக்குப் போனது, வைக்கோல் போருக்குப் போனது, ஆகாசத்துக்குப் போனது. தப்பித் தவறிக் களத்துக்குள் விழுந்தால் யாரும் நினைக்காத மூலையில் விழுந்தது. பிள்ளைகள் இரண்டும் நாய் துரத்தியது போல ஓடின. ஒரு பந்து கருத்தம்மாவின் முழங்காலில் பட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். அவன் கிட்டே போகவில்லை.

"எந்திரிட்டி. எதிராளி ஒன்கிட்டச் சொல்லிட்டா போடுவான்?"

அந்தப் பிள்ளை எழுந்து அவனைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. பெற்ற தகப்பனைப் பார்க்கிற பார்வை இல்லை அது. லூசுப் பய என்றார் டிரைவர். ஆமாம் என்றேன்.

மெம்பர்களுக்கு வேலை பார்த்தது வலது கைதான், இடது கை இதுவரைக்கும் யாருக்கும் வேலை பார்த்ததில்லை, அதற்கு மரியாதை தெரியாது என்று மாரீஸ்வரியிடம் சொன்னானாம். நம் ஊரில் இடது கையால் வெற்றிலை கொடுத்தாலே வாங்க மாட்டார்கள். இவன் இடது கையால் பிள்ளை வளர்த்தான். ஒரு வருஷத்தில் கட்டை அவிழ்த்தான், ஆனால் ராக்கெட்டை வலது கைக்கு மாற்றவில்லை. அதற்குள் இடது கை பழகிவிட்டது. பழகியது கெட்டதற்குத்தான். எந்தப் பக்கம் கால் வழுக்குமோ, எங்கே மூச்சு வாங்குமோ, யார் எதற்குப் பயப்படுகிறார்களோ அங்கே தேடித் தேடிப் போட்டது. பதினாறு வயதில் வல்லரசு ராக்கெட்டை வீசி எறிந்துவிட்டு, இனி இந்த ஆளோடு ஆட மாட்டேன் என்று மாமா வீட்டுக்குப் போய்விட்டான். சமுத்திரம் கூப்பிடப் போகவில்லை. நாலாம் நாள் பையனே வந்து களத்தைப் பெருக்கிக்கொண்டு நின்றான். ஒருவரோடு ஒருவர் பேசாமலே ஆறு மாதம் ஆடினார்கள் என்று மாரீஸ்வரி அழுதிருக்கிறாள்.

அதற்கு மேல் நடந்ததெல்லாம் பேப்பரில் வந்ததுதான். கோயம்புத்தூர்ப் பெண்ணைக் கருத்தம்மா பதினான்கு வயதில் அழவைத்து அனுப்பினாள். கௌதம்ராஜ் வல்லரசிடம் இரண்டு தடவை தோற்றுவிட்டு இன்ஜினியரிங் சேர்ந்தான். இரண்டு பேரும் சென்னைக்குப் போனார்கள், பிறகு வெளிநாடு. துருக்கி, துனிசியா, தாய்லாந்து என்று எங்கெங்கோ சின்னச் சின்னப் போட்டிகள். கருத்தம்மா உலகத்தில் நானூற்றுச் சொச்சமாவது இடம். வல்லரசு டபுள்ஸில் அதற்கும் கொஞ்சம் மேலே. பெரிய சாம்பியன்கள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் தினமும் காலையில் போனில் முதலில் பார்ப்பது அவர்கள் ரிசல்ட்டைத்தான். தோற்றிருக்கிறார்களா என்று பார்ப்பேன்.

இந்த நேரத்தில்தான் அந்தப் பேட்டி வந்தது. வீட்டில் அப்பா எப்படி என்று கேட்டதற்கு, எங்களுக்கு அவர்தான் முதல் எதிராளி என்று சொல்லியிருந்தாள். அது எப்படியோ போகட்டும். அதற்குக் கீழேதான் அந்த ஃபைனல் பற்றிய வரி. அவர் தோற்கவில்லை, அவர் கை பழக்கத்தில் பந்தைக் கொடுத்துவிட்டது என்று. இந்து அதைச் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு அலமாரியைப் பார்த்தாள். என் வாழ்க்கையில் அவளை நான் அப்படி வெறுத்ததில்லை. கம்பெனியில் காஸ் மடிக்கிற பெண்கள் நான் போனதும் பேச்சை நிறுத்தினார்கள். நான் அப்பாவின் கம்பெனியில் உட்கார்ந்தவன், அப்பா பார்த்துவைத்த பெண்ணைக் கட்டிக்கொண்டவன். எனக்கென்று நானே போய் வாங்கிக்கொண்டு வந்த ஒரே சாமான் அந்தக் கோப்பைதான்.

கிளப் எழுபத்தைந்தாவது ஆண்டு விழாவுக்கு அவர்கள் மூன்று பேரையும் கூப்பிடச் சொன்னவன் நான். பாராட்டு, சால்வை, அதற்கு முன்னால் ஒரு காட்சி ஆட்டம். கருத்தம்மாவோடு நானே ஆடுகிறேன் என்று சொன்னேன். எங்கள் மண் கோர்ட்டில் பந்து மெதுவாகத்தான் எழும், அதில் நாற்பது வருஷம் ஆடியவன் நான். ஊர் பார்க்க நாலு நல்ல அடி அடித்துவிட்டால் போதும், அந்தப் பேட்டிக்குப் பதில் சொன்னது போல ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். பல் டாக்டருக்கு இப்போது எண்பது வயது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வேண்டாம் வைகுண்டராஜ். ஒனக்கு ஐம்பத்தொம்பது."

"இப்ப இருக்கிற மார்க்கரைத் தினமும் ஆறு-நாலு ஜெயிக்கேன் டாக்டர்" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். அவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விழா அன்று மலைக்காற்று கொஞ்சம் அதிகம். சமுத்திரம் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து, பழைய சுண்ணாம்பு ஷெட்டுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தான். முன்வரிசையில் அவனுக்கு நாற்காலி போட்டிருந்தோம், வரவில்லை. மாரீஸ்வரியும் வல்லரசும் பக்கத்தில். எனக்கு ஒரு கும்பிடு போட்டான், அவ்வளவுதான்.

நாலு கேம் என்று பேச்சு. முதல் பந்தை நான் நன்றாகத்தான் போட்டேன். அது எங்கே போனது என்று தெரியவில்லை; பின்னால் வேலியில் மோதிய சத்தம்தான் கேட்டது. அடுத்தது இடது மூலையில். அதற்கடுத்தது வலது மூலையில், நான் இடது மூலைக்குப் பாதி வழி போயிருந்தபோது. பிறகு நெட்டுக்குப் பக்கத்திலேயே ஒன்று செத்து விழுந்தது. நான் வயதானவன், அவள் என் கம்பெனியில் வேலை பார்த்த மாரீஸ்வரியின் மகள், முன்னால் உட்கார்ந்திருப்பது ஊர் என்பதெல்லாம் அந்தப் பந்துகளுக்குத் தெரியவே இல்லை. நாலு கேமில் அவள் அடித்ததில் இரண்டு பந்துதான் என் ராக்கெட்டில் பட்டது. அதில் ஒன்று சட்டத்தில் பட்டு ஷாமியானாவுக்கு மேல் போனது. முதலில் கைதட்டியவர்கள் பிறகு நிறுத்திவிட்டார்கள்.

நெட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். மற்றவர்களுக்குக் கேட்காமல் அவளிடம், ஏம்மா, கொஞ்சம் கைக்குப் போட்டால் என்ன என்று கேட்டேன். கேட்டது நான்தான். இதை எழுதும்போதும் கூசுகிறது.

"எங்களுக்கு அது வராது சார். எங்கப்பாவுக்குத்தான் வரும்" என்றாள். அவள் முகத்தில் கேலி இல்லை. உள்ளதைச் சொன்னாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாற்பது வருஷமாக டென்னிஸ் ஆடுகிறேன். ஒரு எதிராளி என்னை ஜெயிக்க வேண்டும் என்று அடித்த பந்து எப்படி இருக்கும் என்று இந்த இருபது நிமிஷத்தில்தான் பார்க்கிறேன். காலையில் ஆறு-நாலு ஜெயித்ததெல்லாம் எனக்குக் காப்பிக்கு முன்னால் கொடுத்த பலகாரம். டாக்டர் ஏன் அப்படிப் பார்த்தார் என்பதும் புரிந்தது. ஆனால் 1995 மட்டும் அப்படி இருக்கக் கூடாது. அது ஒன்றாவது என்னுடையதாக இருக்க வேண்டும். அதை ஒருவனிடம்தான் கேட்க முடியும்.

"சமுத்திரம், வாலே இங்க" என்று கூப்பிட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். "அந்த ஃபைனல முடிச்சிருவோம். ஒரே ஒரு பாயிண்ட். ஒம் பிள்ளையளுக்குப் போட்ட மாதிரி எனக்கும் இடது கையாலயே போடு."

வல்லரசு எழுந்து, வேண்டாம் என்பது போல அப்பாவின் தோளைத் தொட்டான். சமுத்திரம் அந்தக் கையை விலக்கிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான், முன்பு உருளை இழுக்கும்போது வைப்பானே அதே இடத்தில். கருத்தம்மா தன் ராக்கெட்டைக் கொடுத்தாள். இடது கையால் வாங்கினான். கோட்டுக்குப் பின்னால் போய் நின்று ஒரு தடவை காற்றில் வீசிப் பார்த்தான். அந்த வீச்சில் இருந்த விஷத்தை நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அவன் என்னை ஓடவைப்பான், நான் விழுவேன், தோற்பேன், ஆனால் தோற்றவனாகவாவது இருப்பேன். முதல் தடவையாக இந்த மனிதன் என்னை எதிராளியாக நினைக்கப் போகிறான். நான் குனிந்து தயாராக நின்றேன்.

அவன் பந்தை இரண்டு முறை தரையில் தட்டினான். என்னைப் பார்த்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே முகம், ஒன்றுமே எழுதாத முகம்.

"ஆடுங்க மொதலாளி" என்றான்.

சொல்லிவிட்டு ராக்கெட்டை வலது கைக்கு மாற்றிக்கொண்டான். பந்து வலப் பக்கம், உடம்புக்குக் கொஞ்சம் முன்னால், இடுப்பு உயரத்தில் வந்தது. என் கை அதை அடித்தது. அவன் அசையவில்லை. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.